கண்ணைத் திறந்து வரைந்த கோடு

"கண்ணைத் திறங்க டீச்சர்" என்றேன்.

ஆரோக்கியமேரி டீச்சர் மெதுவாகத் திறந்தார். அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் வரைந்திருந்த கோட்டைக் காணவில்லை.

கண் மூடியிருந்தவரை கோடு இருந்தது. இமை விளிம்பில் மெல்லிசாக ஆரம்பித்து, போகப்போகத் தடித்து, வெளி ஓரத்தில் மீன் வால் மாதிரி மேலே ஏறி முடிந்தது. டீச்சர் கண்ணைத் திறந்ததும் மேலே இருந்த தோல் மடிப்பு இறங்கி வந்து அதை மூடிவிட்டது. வால் மட்டும் கண்ணோடு ஒட்டாமல் தனியாக நின்றது. இமையில் பூசியிருந்த தங்கப் பொடி சுருக்கங்களுக்குள் போய் உட்கார்ந்து, இருந்த சுருக்கத்தையெல்லாம் எண்ணிக் காட்டியது. ஒட்டவைத்த செயற்கை இமை முடிகளின் கனத்தில் டீச்சருக்குத் தூக்கம் வருவது போலிருந்தது.

டீச்சர் கையை நீட்டி மேசையில் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒட்டு இமை முடிகள் அதன் சில்லில் உரசின. சுவரிலிருந்த பெரிய கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார்.

"இது யாரு லதா?" என்றார்.

கோபமே இல்லை. வகுப்பில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையை விசாரிக்கிற குரல். பின்னால் நாற்காலியில் இருந்த அவருடைய மகள் ஷைனி கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

ஷைனி காட்டிய படம்

கம்பத்தில் உரக்கடைக்கு மேலே மாடியில் நான் பார்லர் திறந்த கதையைச் சென்ற வாரம் சொன்னேன். கீழேயிருந்து பூச்சிமருந்து வாடை படியேறி வரும். மேலே பன்னீரும் பவுடரும். இரண்டும் கலந்த அந்த வாடை இன்னமும் என் சேலையில் இருப்பதாக என் வீட்டுக்காரர் சொல்வார்.

டீச்சர் வந்து உட்கார்வதற்குச் சில நாள் முன்னால், அந்தப் படியில்தான் ஷைனி ஒரு மத்தியான வேளையில் ஏறி வந்தாள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். உட்காரக்கூட இல்லை. போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். ஏதோ விளம்பரப் பெண். தங்க நிறத்தில் இமை, கன்னங்கரேலென்று தடித்த கோடு, புருவத்தைத் தொடுகிற மாதிரி இமை முடி.

"மணப்பொண்ணுக்குக் கண்ணு இப்படியே வேணும்க்கா. முன்னாடியே ஒரு நாள் போட்டுப் பாத்துரணும்" என்றாள்.

மணப்பெண் இவளாக இருக்கும் அல்லது அக்கா தங்கையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். வழக்கமாகக் கேட்கிற மாதிரி வயது கேட்டேன்.

"அம்பத்து மூணு. எங்க அம்மா" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் முகம் எப்படி மாறப்போகிறதென்று பார்ப்பதற்காகவே அவள் நேரில் வந்திருக்கிறாள் என்று தோன்றியது.

நான் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். சேலை என்ன நிறம் என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

ஆரோக்கியமேரி டீச்சரை எனக்கு ஏற்கெனவே தெரியும். காமயகவுண்டன்பட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் பார்லருக்கு வருகிற பாதிப் பெண்பிள்ளைகள் அவரிடம் படித்தவர்கள். கணவர் நோயில் இறந்தபோது ஷைனி ஆறாம் வகுப்பு. அதன்பிறகு அம்மாவும் மகளும்தான்.

மாப்பிள்ளை கூடலூர்க்காரர், பெயர் சவரிமுத்து. சொந்தமாக ஜீப் வைத்து, ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களைக் குமுளிக்கு ஏற்றிப்போகிறவர். அவருக்கும் மனைவி இல்லை, பிள்ளைகள் கிடையாது. தேர்தல் வேலைக்கு டீச்சரை ஒரு மலைக்கிராமத்துக்குக் கூட்டிப்போனது அவருடைய ஜீப். வழியில் டயர் மாட்டிக்கொண்டு எல்லாரும் இறங்கித் தள்ளியபோது, டீச்சருடைய செருப்பு சேற்றில் போய்விட்டதாம். மறுவாரம் அதைக் கழுவிக் காயவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அப்படி ஆரம்பித்த பழக்கம். இதை டீச்சரே பின்னால் எனக்குச் சொன்னார்.

கல்யாணம் முடிவானதும் மாதா கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று பூசையில் ஊரறிய வாசிப்பது. பொதுவாக வாலிபப் பிள்ளைகள் பெயர் வருகிற இடத்தில் டீச்சர் பெயர் வந்தது. யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் முன் வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் பீடத்தைப் பார்த்தபடி இருந்தாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷைனிதான் திரும்பிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்திருக்கிறாள்.

மதுரையில் சொல்லித்தராதது

இங்கே கொஞ்சம் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் மதுரையில் மேக்கப் படித்தபோது, எங்களுக்குப் பழகக் கொடுத்த முகங்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகளின் முகங்கள். இமை இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும். கண்ணை மூடச் சொல்லி வரைந்தால், திறந்தபிறகும் அது அப்படியே நிற்கும். எல்லாக் கண்ணும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

முதலில் என்னைத் திருத்தியது ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை. கடமலைக்குண்டில் சடங்கு வீடு. பிள்ளையின் அம்மா போட்டோவில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சொல்ல, கல்யாணப்பெண்ணுக்குப் போடுகிற எல்லாவற்றையும் போட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கண் அரித்தது. தாய்மாமன் சீர் வந்து இறங்குவதற்குள் தேய்த்துத் தேய்த்துக் கன்னம் வரைக்கும் கறுப்பாக்கிவிட்டது. அம்மா ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்தார். மிச்சமிருந்தது இமையோரத்தில் ஒரு நிழல் மட்டும். பிற்பாடு ஆல்பம் வந்தபோது பார்த்தால், துடைத்தபிறகு எடுத்த படங்கள்தான் நன்றாக இருந்தன. அதிலிருந்து அந்த வயதுப் பிள்ளைகளுக்கு நான் புருவத்தைச் சீவிவிட்டு, பழுப்பு பென்சிலால் தொட்டும் தொடாமல் ஒரு இழுப்பு. அதோடு சரி. அம்மாக்கள் சண்டை போட்டாலும் கேட்பதில்லை.

அடுத்தது திராட்சைத் தோட்டத்துப் பெண்கள். முப்பது, நாற்பது வயதில் இருப்பார்கள். பந்தல் தலைக்கு மேலே இருப்பதால் நாளெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கொடி கட்ட வேண்டும், குலை வெட்ட வேண்டும். இலைக்கு இடையில் வெயில் கண்ணில் விழும். மருந்து அடிக்கிற நாளில் கண் சிவந்துவிடும். கண்ணோரத்தில் அவர்களுக்கு வருகிற கோடுகள் டவுன் பெண்களுக்குப் பத்து வருடம் கழித்துத்தான் வரும்.

அவர்களில் பாண்டியம்மாள் என்று ஒருவர், தம்பி கல்யாணத்துக்கு மேக்கப் போட வந்தார். எல்லாருக்கும் போடுவது போலக் கீழ் இமையில் மை தீட்டினேன். கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "கீழ மை வச்சா நான் அழுதுட்டு வந்த மாதிரி இருக்குத்தா. எந்தம்பி பயந்துருவான்." உண்மைதான். கண்ணுக்குக் கீழே ஏற்கெனவே கறுப்பு இருந்தால், அங்கே இன்னும் கறுப்பு வைத்தால் அது சோகமாகத்தான் தெரியும். கீழே துடைத்துவிட்டு மேலே மட்டும் வைத்தேன். முகமே தெளிந்துவிட்டது.

ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்கள்? வருவார்கள். மணப்பெண்ணின் அம்மாவாக, சம்பந்தியம்மாவாக வருவார்கள். எல்லாருக்கும் போட்டு முடித்த பிறகு, "எனக்கும் கொஞ்சம் பவுடர் போட்டு விடேன்" என்று தயங்கி நிற்பார்கள். பவுடர் போட்டு, கொண்டையில் பூவைச் செருகி, சேலை மடிப்பைச் சரிசெய்து அனுப்பிவிடுவேன். அவர்கள் கண்ணை நான் நிதானமாகப் பார்த்ததே இல்லை. பார்க்கும்படி அவர்களும் கேட்டதில்லை.

அதனால்தான் டீச்சர் கண்ணைத் திறந்தபோது, எனக்கு அடுத்து என்ன செய்வதென்றே தெரியவில்லை.

எண்ணெயும் பஞ்சும்

"நல்லாத்தாம்மா இருக்கு. போட்டோல சின்ன வயசாத் தெரியும்" என்றாள் ஷைனி.

"எதுக்குச் சின்ன வயசாத் தெரியணும்?" என்று கேட்டார் டீச்சர்.

டீச்சர் என்னிடம் திரும்பி எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். நான் பஞ்சை எண்ணெயில் நனைத்து அவர் இமை மேல் வைத்தேன். எண்ணெய் உள்ளே போகாமலிருக்க அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவும் மகளும் அதற்குப் பிறகு பேசியதெல்லாம் டீச்சர் கண் மூடியிருக்கும்போதுதான். அது நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். முகத்துக்கு முகம் பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டார்கள்.

இப்படி வேண்டாமென்றால் தான் கோயிலுக்கே வரவில்லை என்றாள் ஷைனி. இப்படியே பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். நான் பஞ்சை மாற்றினேன். ஒட்டு இமை முடி ஒன்று கையோடு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஷைனியே சொன்னாள். ஊரில் கடைக்குப் போயிருந்தபோது, அவள் நிற்பது தெரியாமல் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் பேசியதைக் கேட்டிருக்கிறாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய வயதில் அம்மாவுக்குக் கல்யாணமா, கிழவி மாலையும் கழுத்துமாக நிற்கிறதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

"அவங்க வாயடைச்சு நிக்கிற மாதிரி நீ இருக்கணும். அதுக்குத்தாம்மா" என்றாள்.

டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணைத் திறக்கவில்லை.

"அவுக என்னைய முதல்ல பாத்தது அம்பது வயசுக்கு மேலதான். இந்த மூஞ்சியப் பாத்துத்தான் கேட்டாக. நான் இருபத்தஞ்சு வயசுக்காரி மாதிரி போயி நின்னா அவுக யாரைத் தேடுவாக? கடையில பேசுறவளுக்காக நான் வேற ஆளா மாற முடியாது ஷைனி. உனக்காகக்கூட முடியாது."

ஷைனி எழுந்து படியிறங்கிப் போய்விட்டாள். நான் ஜன்னலுக்கு ஓடினேன். எதிர்ச்சாரியில் ஜூஸ் கடை நிழலில் நின்றுகொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகவில்லை. அதைச் சொன்னேன்.

"நிக்கட்டும். கோவம் வந்தா நின்னுட்டுத்தான் வருவா" என்றார் டீச்சர்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். நான் கிளம்பப்போகிறாரென்று நினைத்தேன். "ஒண்ணுமே இல்லாமப் போயி நிக்கவும் எனக்கு ஆசையில்ல லதா. கல்யாணப் பொண்ணு மாதிரியும் இருக்கணும், நானாவும் இருக்கணும். உனக்கு வருமா?" என்று கேட்டார். கேட்கும்போது அவருக்குக் கூச்சம் வந்து காது சிவந்துவிட்டது.

தெரியாது என்று சொன்னேன். இந்த வயதுக் கண்ணுக்கு யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்றும் சொன்னேன்.

"போட்டுப் பாரு. தப்பா வந்தா அழிச்சிட்டுப் போடு. எனக்கு மூணு மணி வரைக்கும் லீவு இருக்கு" என்றார்.

நேருக்கு நேர்

முதலில் நாற்காலியின் சாய்வை நிமிர்த்தினேன். அதுவரை நான் எல்லாருக்கும் படுக்கவைத்துக் கண்ணை மூடச்சொல்லி வரைந்துதான் பழக்கம். டீச்சரை நேராக உட்காரவைத்து, கண்ணைத் திறந்து என்னையே பார்க்கச் சொன்னேன். அவர் உயரத்துக்கு நான் குனிந்தேன். ஒருவருடைய கண்ணை அவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரைவது சங்கடமான வேலை. எங்கே பார்ப்பதென்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

கண் திறந்திருக்கும்போது எது தெரிகிறதோ அதில்தான் வேலை என்று முடிவுசெய்தேன். மினுமினுப்பை ஒதுக்கிவிட்டேன். மினுக்காத பழுப்புப் பொடியை மடிப்புக்குள் வைக்காமல், மடிப்புக்குக் கொஞ்சம் மேலே, கண்ணைத் திறந்தாலும் தெரிகிற இடத்தில் லேசாகத் தடவினேன். கறுப்பு லைனருக்குப் பதில் அடர்ந்த பழுப்பு பென்சில். இமைக்கு மேலே கோடு போட்டால் மடிப்பு விழுங்கிவிடும். அதனால் இமை முடிகளுக்கு இடையிலேயே புள்ளி புள்ளியாக வைத்து நிரப்பினேன். வால் கிடையாது. தோலை இழுத்துப் பிடித்து வரைந்தால், விட்டதும் கோணிக்கொள்கிறது. அதை இரண்டு தடவை அழித்தபிறகுதான் கண்டுபிடித்தேன். மூன்றாம் தடவை தோலைத் தொடாமலே வரைந்தேன்.

கீழ் இமையை, பாண்டியம்மாளை நினைத்துக்கொண்டு, சும்மா விட்டுவிட்டேன். கண்ணுக்குக் கீழே பூசுகிற கிரீமையும் பாதியாகக் குறைத்தேன். கூடுதலாகப் பூசினால் சிரிக்கும்போது வெடிக்கிறது.

புருவத்தில்தான் அதிக நேரம் ஆனது. டீச்சருக்குப் புருவத்தின் கடைசிப் பாதி உதிர்ந்துபோயிருந்தது. முடி முடியாகப் பென்சிலால் வைத்து நீட்டினேன். அதைச் செய்ததும் கண்ணே ஒரு படி மேலே ஏறின மாதிரி இருந்தது. கண்ணில் செய்த அத்தனை வேலையையும்விட அந்தப் புருவம் செய்தது அதிகம்.

மூக்குக்கண்ணாடியைப் போடச் சொன்னேன். அது தூரத்தில் இருப்பதைப் பார்க்கப் போடுகிற கண்ணாடி. போட்டதும் கண் சிறிதாகிவிட்டது. மறுபடி கழற்றி, கோட்டை ஒரு பங்கு அழுத்தமாக்கினேன். கல்யாணத்தன்று கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று ஷைனி முன்பே சொல்லியிருந்தாள். அதை ஞாபகப்படுத்தினேன்.

"கழட்டிட்டா பீடத்துக்கிட்ட நிக்கிறது சாமியாரா அவுகளான்னு எனக்கே தெரியாது" என்றார் டீச்சர்.

அப்போது படியில் சத்தம் கேட்டது. ஷைனி வாசலில் வந்து நின்றாள். கையில் ஜூஸ் பாட்டில். உள்ளே வராமல் அம்மாவைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"கண்ணாடி போட்டுட்டேதான் நிக்கப்போறியா?"

"ஆமா."

ஷைனி கிட்டே வந்து, ஜூஸை அம்மா கையில் கொடுத்தாள். "புருவம் நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னாள். கோயிலுக்கு வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கல்யாண நாள் காலை

விடியும்போதே டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டேன். மல்லிகை வாளியில் இருந்தது. சந்தன நிறப் பட்டைக் கட்டிலில் விரித்துவைத்திருந்தார்கள். ஷைனி நைட்டியோடு அடுப்படியில் இருந்தாள். வந்த சொந்தக்காரர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். குளித்த மாதிரி தெரியவில்லை.

டீச்சர் அவளைக் கூப்பிடவில்லை. என்னிடமும் அவளைப் பற்றிப் பேசவில்லை. என் முன்னால் நேராக உட்கார்ந்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார். கோயிலில் அழுவார் என்று தெரியும். கரையாத மஸ்காராவாகப் பார்த்துக் கொண்டுவந்திருந்தேன்.

நான் முடித்ததும் அவர் எழுந்து சேலை மாற்றப் பக்கத்து அறைக்குப் போனார். ஷைனி எனக்கு டீ கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். பிறகு அம்மா எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் போட்டுவிடுங்கக்கா."

முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். இருபத்தாறு வயதுக் கண். ராத்திரியெல்லாம் அழுது இமை இரண்டும் வீங்கியிருந்தது. தண்ணீரில் நனைத்த துணியை வைத்து எடுத்தும் வீக்கம் முழுசாக வடியவில்லை. கண்ணை மூடச் சொல்லி ஒரு கோடு போட்டேன், திறந்தாள், கோட்டைக் காணவில்லை. வீங்கின இமை அதை மறைத்துவிட்டது.

அழித்துவிட்டு அவளையும் நேராக உட்காரச் சொன்னேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கச் சொன்னேன்.

"அம்மாவுக்குப் போட்ட மாதிரியா?" என்று கேட்டாள்.

"ஆமாத்தா. இன்னைக்கு உனக்கும் அதுதான் நிக்கும்."

"சரி" என்றாள். வரைந்து முடிக்கிற வரைக்கும் இமைக்காமல் இருந்தாள்.

கோயிலில் நான் கடைசி வரிசையில் நின்றேன். நான் கிறிஸ்தவள் இல்லை, எப்போது எழுந்திருப்பது எப்போது முழங்காலிடுவது என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். டீச்சர் நடந்து வந்தபோது ஓலை வாசித்த அன்றுபோலவே எல்லாரும் திரும்பினார்கள். கூடவே ஷைனி நடந்து வந்தாள். அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "டீச்சர் நல்லாருக்காக" என்றாள். அவள் "ஆமா" என்றாள். அவ்வளவுதான். கடையில் பேசியவள் அவர்களில் ஒருத்தியா என்று எனக்குத் தெரியாது.

சவரிமுத்துவை அன்றுதான் முதலில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டி, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. தாலி கட்டும்போது அந்தக் கைக்கு முடிச்சு வரவில்லை. டீச்சர் கொஞ்சம் தலையைக் குனிந்து கொடுத்தார். அப்போது அழுதார். மை கரையவில்லை.

பந்தியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதுவரை ஷைனி சவரிமுத்துவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. 'அவரு' என்றுதான் சொல்வாள். அன்று பரிமாறுகிறவர் கையிலிருந்து சோற்று வாளியை வாங்கிக்கொண்டு அவர் இலைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் போதுமென்று இலைக்கு மேலே கையை வைத்து மறைத்திருந்தார்.

"கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். அவள் வைத்த சோறு முழுவதையும் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு

டீச்சர் கல்யாணப் படங்கள் போனில் ஊரெல்லாம் சுற்றின. ஐம்பது வயதுப் பெண்கள் தனியாக என் படியேறி வர ஆரம்பித்தார்கள். ஓய்வு பெறுகிற நர்ஸ் ஒருவர் வந்தார். போடியிலிருந்து ஒரு ஜவுளிக்கடை வீட்டம்மா வந்தார். குமுளியிலிருந்து வந்த ஒருவர், "கண்ணெழுதணும் சேச்சி" என்றார். மை தீட்டுவதை மலையாளத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுதுவது என்ற அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. இப்போது சம்பந்தியம்மாக்களையும் நான் முதலிலேயே உட்காரவைத்துவிடுகிறேன்.

டீச்சரை அதன்பிறகு வெகுநாள் பார்க்கவில்லை. ஒரு முகூர்த்த நாளில் கூடலூரில் மணப்பெண்ணுக்குப் போட்டுவிட்டுக் கம்பத்துக்குப் பஸ் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போகிற நேரம். ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டுகிற இடத்தில் சவரிமுத்து, பக்கத்தில் டீச்சர். பின்னால் சந்தைக்குப் போகிற முருங்கைக்காய்க் கட்டுகள்.

"ஏறுங்க. இவுகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு உங்களைக் கம்பத்துல இறக்கி விடுறேன்" என்றார் அவர்.

நான் முருங்கைக்காய்க்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டேன். வழியெல்லாம் டீச்சர் ஷைனியைப் பற்றித்தான் பேசினார். கிறிஸ்துமஸுக்குக் கூடலூருக்கு வருகிறாளாம். எந்த பஸ் வசதி என்று அம்மாவிடம் கேட்காமல் சவரிமுத்துவிடம் போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள். அதற்காகப் பின்னறைக்கு வெள்ளையடித்து, மின்விசிறியும் மாட்டியாயிற்று என்றார்.

பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னால், வாய்க்கால் பாலம் தாண்டியதும் சவரிமுத்து வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு பென்சிலை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, வண்டிக்குள் தொங்குகிற கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, அதற்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார்.

"ஓடுற வண்டியில போட்டாக் கோணிருதாம். அதான் தினமும் இங்கன நிப்பாட்டிருறது" என்றார் சவரிமுத்து என்னிடம். பின்னால் வந்த டவுன்பஸ் ஹாரன் அடித்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தாண்டிப் போகச் சொன்னார்.

டீச்சர் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, தோலை இழுக்காமல், முடிகளுக்கு இடையில் புள்ளி புள்ளியாக வைத்தார். அவசரப்படவில்லை. முடித்துவிட்டு சவரிமுத்து பக்கம் திரும்பினார்.

"சரியா இருக்கா?"

சவரிமுத்து குனிந்து இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம்" என்றார்.

டீச்சர் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் வைத்தார். அவர் தலையாட்டினார். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வண்டியை எடுத்தார்.